கறுப்புச் சிறகு முளைத்தவன்

நிருஷா புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கியபோது, சிவாஜினி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கடதாசித் தட்டுகளில் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு சின்னப் புத்தகக் கடை. கதிரை போதாமல் பாதிப்பேர் நின்றார்கள். முன்வரிசையில் சிவாஜினியின் புருஷன் தனுஜன், தன் தங்கச்சி நிருஷாவின் முதல் புத்தகம் என்று கல்யாணவீட்டுச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தான். சிவாஜினிக்கும் பெருமைதான், ஏன் இருக்காது? மச்சாள் என்பது பெயருக்கு. கூடப் பிறந்தவளிலும் பார்க்க ஒட்டு. கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் பகல் முழுக்க ஊரார் பிள்ளைகளோடு மாரடித்துவிட்டு வந்து இந்த ரோல்ஸைச் சுற்றியதும் அந்த ஒட்டில்தான்.

புத்தகம் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கானது. மந்திரம், டிராகன், சாபம் பிடித்த ராச்சியம், எல்லாம் இங்கிலீசில். எழுதுகிற காலத்தில் நிருஷா ஒவ்வொரு அத்தியாயத்தையும் குசினியில் வந்து தமிழில் சொல்லுவாள். சிவாஜினி வெங்காயம் வெட்டியபடி கேட்பாள். சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ஆளா அவள்? அனாதைப் பெட்டை வந்த உடனேயே, உவள் ராசாவின் மகள் எல்லோ என்பாள். வெள்ளைத் தாடிக் கிழவர் வாள் வீசப் பழக்கினால், ஐயோ பாவம், உவர் பாதியில் போய்ச் சேர்ந்துவிடுவார் என்பாள். இங்கிலீசில் ஒரு கதைப் புத்தகமும் வாசிக்காத உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்று நிருஷா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நல்லது சொல்லுகிற கிழவர் எந்தப் படத்தில் கடைசிவரை இருந்தார் என்று சிவாஜினி சிரிப்பாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது.

பதிப்பகத்துப் பெண் அதையே சிரிக்காமல் போனில் சொன்னாள். எழுத்து நல்லாயிருக்கிறது, ஆனால் எல்லாம் முன்பே பார்த்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அனாதை, ஆரூடம், இரண்டு பையன்களுக்கு நடுவில் ஒரு பெண். ஒருவரும் பார்க்காத ஒன்று, ஒன்றே ஒன்று இருந்தால் பேந்து பேசலாம் என்றாளாம். அன்று பின்னேரம் நிருஷா பிரிட்ஜில் சாய்ந்து நிலத்தில் இருந்து அழுதாள்.

"எனக்கு ஒண்டுமே நடக்கேல்ல மச்சாள். ஸ்கூல், மெட்ரோ, வேலை. நான் எங்கை இருந்து புதுசா எழுதுறது?"

சிவாஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்று அழுகிற பிள்ளையை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். கோபம் வந்த வேகத்திலேயே போய், பாவமாகிவிட்டது. நடக்கிறது என்றால் என்னவென்று இவளுக்கும் ஒருக்கால் தெரியட்டுமென்று, கட்டின புருஷனுக்கே சொல்லாததை எடுத்துச் சொன்னாள்.

வன்னியில் இயக்கம் பிள்ளை பிடித்துச் சண்டைக்குக் கொண்டுபோன காலம். கல்யாணம் கட்டினவர்களை விட்டுவிடுகிறார்களாம் என்று ஒரு கதை பரவ, ஊரில் தாய் தகப்பன்மார் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கட்டி வைத்தார்கள். சிவாஜினிக்குப் பதினாறு வயது. பக்கத்து வளவுப் பையன் ஒரு வயது மூப்பு. நாளும் பார்க்கவில்லை, மேளமும் இல்லை. ஒரு மஞ்சள் கயிறு. இரவில் அவளை நிலத்துக்குள் வெட்டின பங்கருக்குள் படுக்கச் சொல்லிவிட்டு, அவன் வெளியே மண்மூட்டையில் இருந்து பாட்டு முணுமுணுப்பான். அவள் பயப்படக் கூடாதாம். ஒரு விரல்கூட அவள்மேல் படவில்லை. பரவின கதை பொய்யாகி, ஒருநாள் பிள்ளை பிடிக்கிறவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவள் இங்கே இல்லை, தாயோடு போய்விட்டாள் என்றான். அடித்தார்கள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் அவனைக் கொண்டுபோனார்கள். அவள் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு எல்லாம் கேட்டாள். பிறகு அவனைக் கண்டவர் ஒருவரும் இல்லை. சண்டை முடிந்ததும் அவனுடைய தாய்தான் கயிற்றைத் தன் கையால் கழற்றி, நீ கட்டாத பிள்ளை, இதை இனி ஆருக்கும் சொல்லாதை என்று அனுப்பி வைத்தாள். அதற்குப் பிறகுதான் கனடாவிலிருந்து தனுஜனின் சம்பந்தம் வந்தது.

சொல்லி முடித்தபோது நிருஷா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். இதை உன் மனதோடு வைத்திரு பிள்ளை என்றதற்குச் சத்தியம் என்றாள். அதோடு குசினியில் கதை சொல்வது நின்றது. புத்தகம் வரும்போது சர்ப்ரைஸ் என்றாள். சிவாஜினியும் நம்பினாள்.

இப்போது நிருஷாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. ராசாவின் பறை அடிக்கிறவர்கள் பெண்பிள்ளைகளைப் பிடிக்க வருகிறார்கள். கிராமத்தில் அவசரக் கல்யாணங்கள். மஞ்சள் நூல். பள்ளத்துக்குள் பெட்டை, வெளியே மூட்டையில் இருந்து பாட்டு முணுமுணுக்கும் பையன். சிவாஜினியின் கை ரோல்ஸிலேயே நின்றுவிட்டது. பாவி, ஒன்றையும் மிச்சம் விடாமல் எடுத்திருக்கிறாள். ஆனாலும், சரி, எங்கேயோ ஒரு புத்தகத்திலாவது அவன் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

நிருஷா பக்கத்தைத் திருப்பினாள். பறைக்காரர் வந்து கேட்க, பையன் எழும்பி, சிரித்து, விரலை நீட்டிப் பள்ளத்தைக் காட்டினான். அந்த நிமிடமே அவன் முதுகில் கறுப்புச் சிறகு முளைத்தது. தொடக்கத்திலிருந்தே அவன் ராசாவின் ஆள்.

முன்னால் இருந்த பெட்டைகள் வாயில் கை வைத்தார்கள். நிருஷா அடுத்த வரியில் அந்தச் சொல்லையும் வாசித்தாள். இங்கிலீசில் அது லேசான சொல். துரோகி என்று மட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டு மனிதரைச் சுட்டுப்போட்ட காலத்தைக் கண்டவள் சிவாஜினி.

கேள்வி நேரத்தில், இந்தப் பையன் எப்படித் தோன்றினான் என்று ஒரு மாணவி கேட்டாள். தானாக வந்தான், ஒருநாள் கனவில் என்றாள் நிருஷா. எல்லோரிலும் பலமாகக் கைதட்டியது தனுஜன்.

தண்ணீர் குடிக்க வருவதுபோல நிருஷா பின்னால் வந்தாள்.

"மச்சாள், கோவமே? உங்கடை கதையெண்டு ஆருக்கும் தெரியக்கூடாதெண்டுதானே மாத்தினனான்."

"அவன் காட்டிக்குடுக்கேல்ல."

"தெரியும். ஆனா அவனை நல்லவனா விட்டிருந்தா, உவன் சாகப்போறான் எண்டு நீங்களே முதல் பக்கத்திலை சொல்லியிருப்பீங்கள். எல்லாப் புக்கிலையும் அப்பிடித்தான். இப்ப ஒருத்தராலையும் கண்டுபிடிக்கேலாது."

அவளுடைய முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் சிவாஜினிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இவளுக்கா வாய் திறந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கையெழுத்து வாங்க வரிசை கூடியது. சிவாஜினி ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அட்டையில் கறுப்புச் சிறகோடு வெள்ளைக்காரப் பையன் ஒருவன் நின்றான். அவளுடைய முறை வந்தபோது தனுஜன் மேசைக்குப் பக்கத்தில் போனோடு தயாராக நின்று, மச்சாளும் மச்சாளும் ஒரு படம் என்றான்.

"என்ன மச்சாள், நீங்களும் லைனிலையோ?" நிருஷா சிரித்தாள். "ஆருக்கெண்டு எழுத?"

"நிதுசனுக்கு."

நிருஷாவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. எல்லாம் சொன்ன அன்றைக்குச் சிவாஜினி அவன் பெயரை மட்டும் சொல்லியிருக்கவில்லை. விளங்கியதும் பேனை அப்படியே நின்றது. கண்ணால் அண்ணனைக் காட்டி, வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள்.

"தா," என்று சிவாஜினி பேனையை வாங்கி, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். முதல் பக்கத்தில், நிருஷாவின் பெயருக்கு மேலே இருந்த வெற்றிடத்தில், தமிழில் பெரிதாக எழுதினாள். தனுஜன் போனைக் கீழே இறக்கிவிட்டுக் குனிந்து, அவள் எழுத எழுத ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான்.

"நி... து... ச... ன். ஆரப்பா இது?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சிவாஜினி நிமிரவில்லை. பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெயருக்குக் கீழே அடுத்த வரியைத் தொடங்கினாள்.