எறும்புகள் வாசித்த கட்டுரை

தில்லையடியில் ஜுமானாவின் ஆராய்ச்சிக் கட்டுரையை முதலில் வாசித்து முடித்தவை எறும்புகள். வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றில் ஆங்கிலத்தில் வந்திருந்த அதை அவர் அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பி வரும்போது, சுவரிலிருந்து இறங்கிய எறும்புகள் வரிக்கு வரி, இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தன. நண்பகல் லுஹரில் தொடங்கி மாலை அஸருக்கு முடித்தன. அட்டவணைகளில் மட்டும் கொஞ்சம் மினக்கெட்டன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேராசிரியர்மாரும் அங்கேதான் மினக்கெட்டார்களாம். ஊரில் வேறு யாரும் வாசிக்கவில்லை, பள்ளிவாசல் முன்னால் வாழ்த்துப் பதாகை கட்டியவர்கள் உட்பட.

கட்டுரை சொன்னது இதுதான்: பழத்திலும் தேனிலும் சீனியிலும் இருக்கிற ஒருவகை இனிப்பை உடைக்கும் நொதியம் சிலருடைய ஈரலில் பிறவியிலேயே வேலை செய்யாது. உம்மாவிடமிருந்து ஒன்று, வாப்பாவிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டு சேர்ந்தால்தான் நோய். கொடுத்த இருவரும் கல்லுப் போல இருப்பார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும்வரை பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இனிப்புப் பட்டால் சத்தி, மஞ்சள், வலிப்பு. கட்டுரையில் ஒரு குடும்பத்தின் வம்சப் படமும் இருந்தது. அதில் குறுக்குக் கோடு இழுத்த இரண்டு கறுப்புச் சதுரங்கள். அவர்கள் ஜுமானாவுக்கு முன் பிறந்த நானாமார், ஹஸனும் நிஸாரும். இருவரும் ஒரு வயது காணாமலே மௌத்தானவர்கள்.

கண்ணூறு என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னார்கள். பள்ளிவாசல் லெப்பை தேனில் ஓதிக் கொடுத்தார். பாவம், நல்ல மனுஷன். பிள்ளை சத்தி எடுக்க எடுக்க, உம்மா றுக்கியா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலால் நாக்கில் தடவினார். அதே நோயோடு மூன்றாவதாகப் பிறந்த ஜுமானா, முளைத்தும் முளைக்காத பல்லால் அந்த விரலைக் கடித்து, தேனைத் துப்பி, அடங்காப்பிடாரி என்று பெயரெடுத்துப் பிழைத்துக்கொண்டார். படித்து எல்லாம் விளங்கிய பிறகும், நீங்கள் கொடுத்த தேன்தான் என்று உம்மாவிடம் சொல்ல அவருக்கு நா எழவில்லை. உலகத்துக்கே சொன்னவர் அந்த ஒரு மனுஷிக்கு மட்டும் சொல்லவில்லை.

கட்டுரையை வாசித்த நாளிலிருந்து எறும்புகள் சீனிப் போத்தலைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜுமானாவின் முன்னால் யாராவது இனிப்பு வைத்தால் மட்டும் வந்தன. பெருநாளுக்கு மாமி கொண்டுவந்த வட்டிலப்பம் தட்டோடு வாசலைத் தாண்டிப் போனது. மாமிக்குக் கோபமெல்லாம் தட்டைப் பற்றித்தான்.

போன வருடம் ஜுமானாவுக்கு மகன் பிறந்தான். கட்டியிருந்தது அந்த மாமியின் மகன் மஸாஹிரை, சொந்தத்துக்குள் சொந்தம். ஆகவே பயம் இருந்தது. இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் றுக்கியா வழக்கப்படி பேரீச்சம்பழத்தை மென்று, விரல் நுனியில் எடுத்து, பிள்ளையின் அண்ணத்தில் தடவ ஆசையோடு குனிந்தார்.

"வேணாம் உம்மா!"

"ஏன் புள்ள? சுன்னத்தான காரியமெல்லோ, நபி காட்டின வழியெல்லோ?"

ஏன் என்று சொன்னால் பழைய தேனையும் சொல்லவேண்டும். ஜுமானா பிள்ளையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். எறும்புகள் வந்தன. றுக்கியாவின் தோளில் ஏறி, கைவழியே இறங்கி, விரலிலிருந்த பழத்தைத் துணுக்கும் மிச்சம் விடாமல் கொண்டுபோயின. பிறகு அலுமாரியிலிருந்த தேன் போத்தலையும் தூக்கிக்கொண்டு போயின.

றுக்கியா போத்தல் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப... அந்தத் தேனா?"

"ஓம் உம்மா."

"என்ட கையாலயா?"

"தெரியாமத்தானே குடுத்தீங்க. காப்பாத்தத்தானே குடுத்தீங்க."

றுக்கியா நெஞ்சு வெடிக்க அழுதார். ஜுமானாவும் அழுதார். அழுது முடித்து றுக்கியா கேட்டது ஒன்றுதான். "அந்தப் பேப்பர எடு மகள். என்ட புள்ளைகள் எதில இருக்கிறாங்க, காட்டு." ஜுமானா காட்டினார். அந்த இரண்டு கறுப்புச் சதுரங்களையும் றுக்கியா தலை தடவுவது போலத் தடவினார்.

பரிசோதனை முடிவும் எறும்புகள் சொன்னதையே சொன்னது. பிள்ளை இனிப்பென்றால் என்னவென்று தெரியாமல் கொழுகொழுவென்று வளர்கிறான். தில்லையடியில் இப்போது பிள்ளை பிறந்தால், பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்துக் கொஞ்சம் பொறுக்கிறார்கள். எறும்பு வராவிட்டால் பிஸ்மி சொல்லித் தடவுகிறார்கள். வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். றுக்கியா விடிய சுபஹு தொழுதுவிட்டுச் சுவரோரம் குந்தி, தேன் தொட்ட விரலை நீட்டுவார். எறும்புகள் ஏறிக் குடிக்கும்.

"இன்னும் கொஞ்சம் குடிங்க வாப்பா," என்பார், கைப்பிள்ளையைக் கொஞ்சுவது போல. "ஒண்டும் செய்யாது."