ஏழாம் பாறையில் ஒரு துண்டு

கன்னிமார்துறையில் கடல் பார்க்க இருபது நிமிடம் கொடுப்பார்கள். ராசிபுரத்திலிருந்து வந்த சுற்றுலாப் பேருந்துக்கும் அதே இருபதுதான். ஐம்பத்தொரு வயதுவரை கடலையே பார்த்திராத பாவாயி, அதில் பதினேழு நிமிடத்தைக் கழிப்பறை வரிசையில் தொலைத்துவிட்டாள். ஒரே ஒரு தடவை கால் நனைய வேண்டும். அதற்காகத்தானே இரண்டு நாளாக இடுப்பொடிய உட்கார்ந்து வந்தாள்!

தண்ணீருக்குள் ஏழு பாறைகள் வரிசையாக இருக்க வேண்டும். வழிகாட்டி அருமைநாயகம் மைக்கைத் தட்டினார்.

"ஏழு அக்கா தங்கச்சிமாரு. கால் நனைக்கணும்னு எறங்குனாளுவ. ஒரு முனிவரு சாபம் குடுத்தாரு. கல்லாயிட்டாளுவ."

"ஆறுதானுங்களே இருக்குது?" என்றாள் பாவாயி.

"எளையவ வெளிய போயிருக்கா."

பாவாயி திரும்பிப் பார்த்தாள். ஆளுயரக் கருங்கல் ஒன்று, பாசி சொட்டச் சொட்ட, அவர்கள் பேருந்தின் ஜன்னல் வழியாக ஒரு கைக்குட்டையை உள்ளே போட்டது. பிறகு படியேறியது.

பாவாயி ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் கல் அவள் இருக்கையில் சப்பணம் போட்டிருந்தது. பக்கத்தில் அவள் கணவர் செங்கோடன் அதற்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அது என்ற எடமுங்க!"

"கைக்குட்டை போட்டுட்டாங்களே பாவாயி. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள்தான் எதையும் போடாமல் இறங்கிப் போயிருந்தாள். சுற்றுலா நடத்தும் குப்பண்ணன் தலைகளை எண்ணினார். நாற்பத்திரண்டு. கிளம்பும்போதும் நாற்பத்திரண்டுதான்.

"சரியா இருக்குது. ரைட், போலாம்!"

"அப்ப நான்?"

"அங்க ஒரு எடம் காலியாக் கெடக்குதே," என்று பாறை வரிசையைக் காட்டிய செங்கோடன் தோளிலிருந்த துண்டை ஜன்னல் வழியே நீட்டினார். "வேற யாராச்சும் போடறதுக்குள்ள ஓடு புள்ள!"

நியாயமாக அவள் அழுதிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் இன்னொரு பேருந்து வந்து நின்றது. அதிலிருந்து நாற்பது பெண்கள் கையில் துண்டோடு இறங்கினார்கள். பாவாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பறந்தாள். முன்னால் ஓடிய இருவரை முழங்கையால் தள்ளினாள். எட்டடி தூரத்திலிருந்தே துண்டை வீசினாள்.

துண்டு காலி இடத்தில் விழுந்தது. தண்ணீரில் மூழ்கவில்லை. இடம் பிடிக்கப் போட்ட துண்டு மூழ்கும் வழக்கம் எங்கேயும் கிடையாது. நாற்பது பெண்களும் "ச்சே" என்று நின்றுவிட்டார்கள்.

பாவாயி அதன்மேல் உட்கார்ந்தாள். அலை வந்தது. பாதம், கணுக்கால், முழங்கால் என எல்லாம் நனைந்தது. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டா இருபது நிமிடம் என்றார்கள்!

அவர்கள் பேருந்து கடற்கரைச் சாலையில் போனது. ஜன்னலில் கல் கையசைத்தது. பாவாயியும் அசைத்தாள். கை கொஞ்சம் கனத்தது.

கரையில் அருமைநாயகம் அடுத்த கூட்டத்துக்கு மைக்கைத் தட்டினார். "ஏழு அக்கா தங்கச்சிமாரு. ஒரு முனிவரு சாபம்..."

பக்கத்துப் பாறை நகர்ந்து, அவள் காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டது.

"முனிவரும் கெடையாது, சாபமும் கெடையாது," என்றது. "ஒனக்கு எத்தன நிமிசம்னு சொன்னாவ?"

"இருவதுங்க."

"எங்களுக்கும் அதத்தான் சொன்னாவ."