தண்ணீர் காட்டாத குதிரை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை ஒரு படத்திலிருந்து திருடினேன். ஃபிலடெல்ஃபியாவில் என் வீட்டுக்குப் பக்கத்துப் பழைய கடையில் 1911-ஆம் வருடத்து வார இதழ் கிடைத்தது. உள்ளே கௌபாய் தொடர்கதை. படத்தில் துப்பாக்கியும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. நாயகன் நடந்து வருகிறான். பின்னால் தலை தொங்கிப்போன குதிரை. வரைந்தவர் பெயரைக் கறை தின்றுவிட்டது. மெர்ட்டில் காஃப்னி என்று நான்தான் வைத்தேன்.

2

குதிரை காற்றாய்ப் பறந்தது. அதன் மேல் நாயகன்—

(அடித்துவிட்டேன். ஏனென்று பிறகு புரியும்.)

மெர்ட்டில் ஆறு வருடமாக அந்த இதழின் மகளிர் பக்கத்துக்குத் தொப்பி வரைந்துகொண்டிருந்தாள். தொடர்கதை ஓவியர் கையை முறித்துக்கொண்டதால் ஒரே ஒரு அத்தியாயம் அவளுக்கு வந்தது. சொதப்பினால் சாகும்வரை தொப்பிதான். [அப்பா பால்வண்டிக்காரர் என்று சேர்க்கலாமா? சேர்த்தாயிற்று.]

ஆசிரியர் ஹாலோவே கதையைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்தார், சொக்கிப்போனார், அச்சுக்கட்டை வெட்ட அனுப்பிவிட்டார்.

3

கட்டை தயாரான பிறகுதான் கதாசிரியர் பிரிக்ஸ் அதைப் பார்த்தார். ஹாலோவேயின் அறையில் ஒரே ரகளை.

"என் ஹீரோ பறந்து வர்றான்னு எழுதியிருக்கேன்! இந்தம்மா அவன சந்தைக்குப் போறவன் மாதிரி நடக்க விட்டிருக்கு!"

"போன வாரம் அந்தக் குதிரைய நாப்பது மைல் ஓட்டினீங்க சார்." மெர்ட்டில் போன வார இதழை மேசைமேல் விரித்தாள். "தண்ணி காட்டினீங்களா?"

"என்னது?"

"ஒரு வரிகூட இல்ல. தேடிட்டேன். எங்கப்பா குதிரைக்குப் பத்து மைலுக்கே நாக்கு தள்ளிடும். இது உசுரோட இருக்கறதே நான் பாவம் பாத்து வரைஞ்சதால."

ஹாலோவே இருமிச் சிரிப்பை மறைத்தார். "பிரிக்ஸ், நீரு மேற்க எதுவரைக்கும் போயிருக்கீரு?"

"...பிட்ஸ்பர்க்." (ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு ராத்திரி ரயில். கௌபாய் நாட்டுக்குக் கால்வாசி தூரம்கூட இல்லை.)

"கட்டைய வெட்டியாச்சு. எழுத்த மாத்தும்."

(முதல் பிரதியில் இங்கே ஹாலோவே கட்டையை உடைக்கிறார், மெர்ட்டில் அழுகிறாள். கிழித்துப்போட்டேன். ஆறு வருடத் தொப்பி போதாதா அவளுக்கு?)

4

பிரிக்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றி எழுதினார். மூன்றாம் வாரம் வயோமிங் மாட்டுப்பண்ணைகளிலிருந்து கடிதங்கள் மூட்டையாக வந்து இறங்கின. ஒருவன் எழுதியிருந்தான்: "ரெண்டு வருசமா படிக்கிறோம். இந்த வாரந்தான் குதிரைய நம்பினோம்.* படத்த வெட்டி எங்க கொட்டகையில ஒட்டிட்டோம். வரைஞ்ச ஆளு எந்தப் பண்ணை?"

மெர்ட்டில் மூன்று முறை படித்தாள். பிறகு தொப்பி மாதிரிகளையெல்லாம் பெட்டியில் போட்டு, மூடி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எழுதும் எனக்கும்தான்.

* குதிரைக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டேன். பிரிக்ஸும் மறந்திருந்தார்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வயோமிங் பயணம். ஒன்றில் தங்கப் பதக்கம். ஒன்றில் பிரிக்ஸோடு கல்யாணம் (சீ!). மூன்றும் வேண்டாம்.

திங்கட்கிழமை பிரிக்ஸிடமிருந்து உறை வந்தது. அடுத்த அத்தியாயம் என்று நினைத்துப் பிரித்தாள். ஒரு துண்டுச்சீட்டுதான் இருந்தது.

"மிஸ் காஃப்னி, மொதல்ல நீங்க வரைங்க. பாத்துட்டு நான் எழுதிக்கறேன். குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சு."

மெர்ட்டில் பலகையில் வெள்ளைத்தாளைக் குத்தினாள். பென்சிலைச் சீவினாள். என்ன வரைந்தாள் என்று நான் சொல்லப்போவதில்லை. பிரிக்ஸே காத்திருக்கும்போது எனக்கென்ன அவசரம்? தாள் இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. வரையுங்கள்.

குதிரையை மட்டும் ரொம்ப ஓட்டிவிடாதீர்கள்.