காதுக்கு ஒரு காலுறை

மார்ஜரியை அடக்கம் செய்ததிலிருந்து அவளுடைய ஸ்பேனியல் நாய் பிராம்பிள் எதையும் தொடவில்லை. "டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போலாம்ப்பா. நீங்களும்தான் ஒண்ணும் சாப்பிடல" என்றாள் மகள் ஜில்லியன்.

அப்போதுதான் மார்ஜரியின் கணவர் வில்ஃப்ரெட்டுக்கு அந்தக் காலுறை ஞாபகம் வந்தது. சாப்பிடும்போது பிராம்பிளின் தொங்கும் காதுகள் குழம்பில் தோயாதிருக்க, பாதம் வெட்டிய பழைய காலுறையை மார்ஜரி அதன் தலையில் மாட்டிவிடுவாள். அவரும் மாட்டிவிட்டார். பிராம்பிள் தட்டைப் பார்க்காமல் அவர் கழுத்தையே பார்த்தது.

ஆமாம், அடுத்தது அவர் முறை. அவர் காலரில் கைத்துண்டைச் செருகிவிட்டு, "ரெண்டு பேரும் மேல கொட்டிக்காம சாப்பிடுங்க. அதுக்காவது காது நீளம், உங்களுக்கு என்ன கேடு?" என்பாள் மார்ஜரி.

துண்டைத் தானே செருகிக்கொண்டு, ஆறிப்போன தன் தட்டின் முன் உட்கார்ந்தார். பிராம்பிள் தன் தட்டை நோக்கித் தலையைத் தாழ்த்தியது. அது நக்கும் சத்தத்தில் அவருக்கும் பசித்தது.