ஆர்த்தியின் விண்ணப்பம்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் அஸ்ஃபியா கணினி வகுப்பு நடத்தினாள். இருபத்து நான்கு வயது. கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவாள். பழைய கணினிகள் ஐந்து, பிள்ளைகள் பன்னிரண்டு பேர். எவ்வளவு கெஞ்சினாலும் பிள்ளைகளின் மவுசை மட்டும் அவள் தொடமாட்டாள்.

திருவக்கரையிலிருந்து அங்கே படிக்க வந்த ஆர்த்திக்கு அந்தப் பிடிவாதம் எரிச்சலாக இருந்தது. போன வருடம் அவள் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, பிரவுசிங் சென்டர்க்காரர் அவளுடைய செல் நம்பரைத் தப்பாக அடித்துவிட்டார். கலந்தாய்வுக்கு அழைத்த குறுஞ்செய்தி வேறு யாருக்கோ போனது. அந்த வருடம் முழுக்க அவள் மல்லாட்டைக் கொல்லையில் களை எடுப்பதும் கடலை பிடுங்குவதுமாக வேலை செய்தாள்.

இந்த வருடம் சாதிச் சான்றிதழ் கைக்கு வரவே கடைசி நாளாகிவிட்டது. மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். நாலரைக்கு, ‘புகைப்படத்தின் அளவு அதிகம்’ என்று திரை சிவப்பாகக் காட்டியது.

“அக்கா, டைம் ஆய்க்கினே போவுது. நீங்களே பண்ணிடுங்கக்கா.”

“பண்ணிடுவேன். கலந்தாய்வு அன்னைக்கும் நானே வந்து காலேஜ் செலக்ட் பண்ணித் தரணுமா? போட்டோவ சின்னதாக்கறது போன வாரம்தான பண்ண? யோசி.”

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் அஸ்ஃபியா பயந்துபோயிருந்தாள். தன் பிடிவாதத்தால் இந்தப் பெண்ணுக்கு இன்னொரு வருடம் போய்விடுமோ? நாலே முக்கால் தாண்டினால் தானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தாள். அதை ஆர்த்தியிடம் சொல்லவில்லை.

ஆர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைத் திறந்தாள். முதல் முறை முகம் மங்கிப்போனது. இரண்டாம் முறையும் அளவு கூடுதல். மூன்றாம் முறை ஏற்றியதும் சிவப்பு எழுத்து மறைந்தது. மணி நாலு நாற்பத்திரண்டு. செல் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்த பிறகே அனுப்பினாள்.

இரண்டாம் சுற்றுக் கலந்தாய்வில் அவளுக்கு விழுப்புரத்தில் இடம் கிடைத்தது. கல்லூரிகளை அப்பா தேவநாதனை அருகில் உட்காரவைத்துக்கொண்டு தன் செல்போனிலேயே தேர்வு செய்திருந்தாள்.

“அக்கா, சீட்டு கெடச்சிடுச்சு!” என்று போனில் கத்தினாள்.

அஸ்ஃபியா போனோடு வகுப்பிலிருந்து வெளியே படிக்கட்டுக்கு வந்தாள். “அன்னைக்கு உன்னவிட நான்தான் பயந்துக்கினு இருந்தேன், ஆர்த்தி.”

“நெசமாவாக்கா?” என்று சிரித்தாள் ஆர்த்தி. “சரி, வச்சிடறேன்க்கா. ஹாஸ்டலுக்கு அப்ளிகேஷன் போட்டுக்கினு இருக்கேன், பாதிதான் முடிஞ்சிருக்கு. அப்புறம் பேசறேன்.”