ஊசிப்பாறைத் தலைவரின் எல்லை

மாசித் திங்களின் இளங்காலை. அக்கரப்பத்தனைப் பள்ளத்தாக்கை இரவெல்லாம் மூடிக்கிடந்த வெண்பனி, கதிரவன் கீழைமலை முகட்டில் தலைகாட்டியதும் கரையத் தொடங்கி, தேயிலைச் செடிகளின் நிரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, ஓடைகளின் மேல் சற்றே தயங்கி நின்று, பின் சரிவெங்கும் ஏறி மறைந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் ஊசிப்பாறைத் தோட்டத்து மேற்பிரிவில் வேலைக்கு அழைக்கும் கொம்போசை எழவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் கூரையிடுக்குகளில் அடுப்புப்புகை சோம்பலாய்க் கசிய, புதிதாய் வந்த தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடம் வைத்து முறைகாத்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தனர்.

கற்றறிந்த நண்பரே, அக்குழாய் தானே வந்ததன்று. பன்னிரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்து, கிழங்கை அவித்துத் தின்று, மழையில் நனைந்து, தோட்டத்துரையின் வாயால் “சரி” என்ற ஒரு சொல்லைப் பிடுங்கி வந்தது. பிடுங்கியவர் சங்கத்தின் தோட்டத் தலைவர் சோலைமலையார். தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கையும், இடிபோன்ற குரலும் உடையவர். பெரிய கங்காணி ஒரே சொல்லில் எவரையும் லயத்தைவிட்டுத் துரத்திய கொடுங்காலத்தை முடித்துவைத்தவர். “எவரையும் கேளாமல் விலக்கலாகாது, பொதுக்கூட்டமே விலக்கும், எல்லை மீறும் தலைவர் அடுத்த தேர்தல்வரை பதவி நீங்குவார்” என்று சங்க விதியில் அடம்பிடித்து எழுதவைத்தவரும் அவரே. எழுதவைத்த கையே அதை மறந்தது என்பதுதான் இக்கதையின் துயரம்.

மறந்தது வேலைநிறுத்தத்தின் ஆறாம் நாள். அன்று தாய்மாரெல்லாம் ஊர்வலமாய்க் கடைவீதிக்குப் போயிருந்தனர். வேலை நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் ஆயா அம்மாக்கண்ணு, கைம்பெண், நாற்பது அகவையினள். ஊர்வலம் போனவர்களுள் ஒருத்தியான காளியாயியின் கைக்குழந்தை காய்ச்சலில் துவள்வதைக் கண்டு, பூட்டிய காம்பராவைத் திறந்து அடுப்பு மூட்டி, தோட்டத்துப் பால்மாவைக் கரைத்துப் புகட்டினாள். புகையைக் கண்ட எவனோ ஓடிப்போய், ஆயா வேலைக்கு இறங்கிவிட்டாள் என்று ஓதினான். ஆயிரம் கண்கள் தம்மை நோக்கியிருக்கக் கடைவீதியில் பேசிக்கொண்டிருந்த சோலைமலையார், ஒரு கணமும் எண்ணாமல், “இந்த நிமிசத்துலேருந்து அவ சங்கத்துல இல்ல” என்று முழங்கினார். கூட்டம் கைதட்டிற்று.

வேலைநிறுத்தம் வென்றது. தோற்ற துரைக்கோ எவர்மீதாவது சினந்தீர வேண்டியிருந்தது. ஏவலின்றிக் காம்பராவைத் திறந்து பால்மாவை எடுத்தாள் என்று அம்மாக்கண்ணுவின் பெயரை வேலைப் பதிவேட்டிலிருந்து வெட்டி, பத்து நாளில் லயத்து வீட்டையும் விட்டு வெளியேறுமாறு ஆணையிட்டார். துரைக்கும் சங்கத்துக்கும் எந்நாளும் எதிலும் கருத்து ஒத்ததில்லை. அம்மாக்கண்ணு குற்றவாளி என்பதில் மட்டும் அழகாக ஒத்துப்போனார்கள். சங்கத்தில் இல்லாதவளுக்காகச் சங்கம் வழக்காட வழியுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில்தான் காளியாயி அழுதபடி வந்து நடந்ததைச் சொல்லிச் சென்றிருந்தாள். சோலைமலையார் கஞ்சிக் கலயத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அம்மாக்கண்ணுவைத் தேடிப்போக எண்ணி அவர் துண்டை உதறித் தோளிலிட்டபோது, அவளே வாசலில் வந்து நின்றாள்.

“தங்கச்சி, தப்பு என்னோடது,” என்றார் அவர், முகம் பாராமல். “காளியாயி எல்லாஞ் சொல்லிருச்சு. இப்பவே ஒன் பேரச் சேத்துர்றேன். செயலாளர் சிவசாமிகிட்டச் சொல்லி மாவட்டச் சங்கத்துக்குக் கடுதாசியும் எழுதி, நானே கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்.”

இவ்வளவு எளிதாய்க் கிடைத்த மீட்சியை எவள்தான் மறுப்பாள்? அம்மாக்கண்ணு மறுத்தாள்.

“வேணாங்கண்ணே. ஒங்க வாயால போன்னீங்க, போனேன். இப்ப ஒங்க வாயாலயே வான்னு சொல்றீங்க. நாளைக்கு வேற யாரையாச்சும் போன்னு சொன்னா? ஒங்களுக்குக் கோவம் ஆறுற வரைக்கும் அவ காத்துக் கெடக்கணுமா? சிவசாமி ரூல் பொஸ்தகத்தப் படிச்சுச் சொன்னிச்சு. கூட்டம் போடுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

“அடுத்த ஞாயித்துக்கெழமதான் கூட்டம் போட முடியும். அதுக்கு ரெண்டாம் நாளு செவ்வாக்கெழம ஒன்னய வெளியேத்துறாங்க. கூட்டம் ஒனக்கு எதிராக் கையத் தூக்குனா என்ன செய்வே?”

“தூக்குனா பொட்டியக் கட்டிக்கிட்டுப் போறேன். ஆனா கேட்டுட்டுத் தூக்கட்டும்.”

அவருக்குச் சினம் மூண்டது, மறைப்பானேன்? மன்னிப்புக் கேட்க வந்த நாவை ஒரு பெண் தடுத்து, கணக்காய் விதியை நீட்டினால் எந்தத் தலைவருக்குத்தான் உறைக்காது? அவள் சென்றபின் நெடுநேரம் அவர் வாசலிலேயே நின்றார். கேளாமலே அருள்வதும் கேளாமலே அழிப்பதும் ஒரே கையின் வேலைதான் என்பது மெல்ல மெல்ல விளங்க விளங்க, அந்தக் கை பெரிய கங்காணியின் கையைப் போலவே அவருக்குத் தோன்றிற்று. அன்று மாலையே கூட்டத்துக்கு அறிவித்தல் விடுத்தார்.

மறு ஞாயிறு பிற்பகல், காளி கோயில் முன்றிலில் முந்நூறு பேர் கூடினர். எல்லை மீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலைமை தாங்கலாகாது என்பதால் சோலைமலையார் நாற்காலியைவிட்டு எழுந்து, துணைத்தலைவர் ஆண்டியப்பனை அதில் அமர்த்திவிட்டு, ஆண்கள் குந்தியிருந்த தரையில் போய்க் குந்தினார். அதைக் கண்டு கூட்டம் முணுமுணுத்தது. தண்ணீர் கொண்டுவந்தவரைத் தரையில் இருத்துவதா என்று பலருக்கும் அம்மாக்கண்ணுமேல் எரிச்சல்.

அவள் எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னாள்; அழவுமில்லை, கூட்டிச் சொல்லவுமில்லை. காளியாயி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். பின்பு அம்மாக்கண்ணு தலைவரை நோக்கி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“என்னய வெலக்குறதுக்கு முன்னாடி யாருகிட்டக் கேட்டீங்கண்ணே?”

முன்வரிசையிலிருந்து ஒருவன், “நாங்கதான் கை தட்டுனமே, அது போதாதா?” என்று எழுந்தான். ஆமாம் ஆமாம் என்று பல குரல்கள் சேர்ந்தன. தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. சோலைமலையாருக்கும் அது தெரியும்.

“யாருகிட்டயும் கேக்கல,” என்றார் அவர். “நீங்க தட்டுனீங்க, நெசந்தான். அது தீர்ப்பில்ல. அத நாந்தான் தீர்ப்புன்னு நெனச்சுக்கிட்டேன். அந்தத் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.”

விலக்கல் செல்லாது என்று கைகள் உயர்ந்தன; எரிச்சலோடிருந்தவர்களும் உயர்த்தினர். அம்மாக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அத்துடன் கலைந்துவிடலாம் என்று கூட்டம் எழுந்தபோது, செயலாளர் சிவசாமி அடுத்த விதியைப் படிக்க நேர்ந்தது. பதவி நீங்குதல்! யாரும் அதை விரும்பவில்லை. அம்மாக்கண்ணுவும் விரும்பவில்லை; “அண்ணன் ஒத்துக்கிட்டாருல்ல, போதுமே” என்று கெஞ்சினாள். ஆண்டியப்பனோ நாற்காலியின் விளிம்பில் நெளிந்தார்.

“அவளுக்குக் கூட்டம் வேணும், எனக்கு வேணாமா?” என்றார் சோலைமலையார். “எனக்குன்னு வர்றப்ப படிக்காம விட்டா, அத எழுதுனது யாருக்கு?”

கைகள் ஒவ்வொன்றாய், கல்லைத் தூக்குவதுபோல் எழுந்தன. அவர் இடுப்பு முடிச்சிலிருந்த சங்கப் பெட்டியின் திறவுகோலை அவிழ்த்து ஆண்டியப்பன் முன் வைத்தார்.

உடனே அங்கேயே சிவசாமி மாவட்டச் சங்கத்துக்கு மடல் எழுதினான். ஆயா குற்றமற்றவள், வீட்டையும் வேலையையும் மீட்டுத்தரச் சங்கம் போராடும் என்று எழுதி முடித்து, எட்டாண்டுப் பழக்கத்தால், தாளையும் பேனாவையும் நேரே சோலைமலையாரிடம் கொண்டுபோய் நீட்டினான். தம் வாழ்நாளில் எத்தனையோ தாள்களில் கையெழுத்திட்டவர்தாம். ஆயினும் இந்த ஒரு தாளில் தம் பெயரை எழுதத் துடித்ததுபோல் அவர் எதற்கும் துடித்ததில்லை. விரல்கள் தாமாக நீண்டன. பின்பு அவற்றை மடக்கிக்கொண்டு, “அங்க குடு,” என்று ஆண்டியப்பனைக் காட்டினார். ஆண்டியப்பன் எழுத்துக்கூட்டி ஒப்பமிட்டு முடிக்கும்வரை அவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததை அம்மாக்கண்ணு மட்டும் கண்டாள்.

திங்களன்றே சங்கத்தார் மாவட்டச் சங்க அலுவலகத்துக்கு மடலோடு போனார்கள். செவ்வாயன்று அவள் வீட்டுப் பொருளை எவரும் தொடவில்லை. மாதம் முடியுமுன் பிள்ளைக் காம்பராவின் அடுப்பில் மறுபடியும் அவள் கையால் தீ மூண்டது. சோலைமலையார் கவ்வாத்துக் கத்தியோடு, மற்றவர்களைப்போல் காலைப் பதிவில் பெயர் கொடுத்து மலையேறினார். வழியில் எதிர்ப்பட்டோர் பழையபடியே ஒதுங்கி வழிவிட, அவர் கூச்சத்தோடு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். தலைவராய் இருந்தவரை ஊசிப்பாறை மக்கள் அவர் ஒருவரைத்தான் நம்பியிருந்தனர். அவர் இறங்கிய பின்னரோ, அந்த நாற்காலியில் இனி எவர் அமர்ந்தாலும் அஞ்சாமல் உறங்கலாம் என்று நம்பினர்.