கொஞ்சம் வருத்தம்

வருத்தத்துக்கு மட்டும் என்னிடம் பதினோரு இங்கிலீஷ் வார்த்தைகள் இருந்தன. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் நடுவில், ஒரு டைப்ரைட்டரைப் போட்டுக்கொண்டு மனு அடித்துக் கொடுத்தவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு, முதுகு கிழிந்த ஓர் அகராதி, அவ்வளவுதான் கைமுதல். மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம், தடுப்பாரில்லை. ஆனால் இங்கிலீஷில் போனால்தான் அதிகாரி கையில் எடுப்பார் என்று ஊரே நம்பியது. அந்த நம்பிக்கையில்தான் என் வீட்டில் உலை கொதித்தது.

வார்த்தைகளை ஆள் பார்த்துத்தான் போடுவேன். பென்ஷன் தாமதமானால் 'வொரி'. பட்டா மாறவில்லை என்றால் 'ஹார்ட்ஷிப்'. பங்காளி வரப்பை வெட்டிவிட்டால் 'மென்டல் அகனி'. வந்தவர்கள் மனுவை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தங்கள் கஷ்டத்துக்கு இப்போதுதான் மரியாதை கிடைத்தது என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இராமலிங்கம் சார் இங்கிலீஷ் என்றால் ஆபீஸே எழுந்து நிற்கும் என்று வெற்றிலைக் கடைக்காரர் சொல்வார். எனக்கும் கர்வம்தான். இல்லையென்று சொன்னால் பொய்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலையில் அம்சவள்ளி டீச்சர் வந்தார். எறையூர்ப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். கரும்பு வெட்டப் போன குடும்பத்தில் முதல் உத்தியோகம். வீடு திருமானூருக்குப் பக்கத்தில். கணவர் பஞ்சநாதன் அங்கே குத்தகை நிலம் பார்க்கிறார். நாலு வயது மகள் மலர்க்கொடி அங்கே அத்தையிடம் வளர்கிறாள். டீச்சர் மட்டும் இங்கே ஒற்றை அறையில். சனிக்கிழமை பஸ் மாறி மாறிப் போய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே திரும்ப வேண்டும்.

மகள் இருக்கிற ஊர்ப்பக்கம் மாற்றல் வேண்டும். கேட்டது அதுதான். மனுவில் சேர்க்கச் சொல்லி ஒரு துண்டுக் காகிதமும் கொண்டுவந்திருந்தார். அதில் உருண்டை உருண்டையான இங்கிலீஷ் எழுத்தில் ஒரே வரி: 'ஐ ஆம் எ லிட்டில் ஸேட்.' கொஞ்சம் வருத்தமாக இருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன டீச்சர், மூணாங் கிளாஸ் பிள்ளைங்களுக்கு போர்டுல எழுதிப் போட்ட மாதிரி இருக்கு?"

"அவ்வளவுதான் சார் இருக்கு. அதுக்கு மேல இல்லீங்க."

"அப்படி என்ன நடந்துச்சு?"

"போன வாரம் வூட்டுக்குப் போனேன். பாப்பா நாத்தனா முந்தானையப் புடிச்சிக்கிட்டு நிக்கிது. வாடின்னா வரல. 'அத்த, டீச்சர் வந்துருக்காங்க'ன்னு சொல்லுது. எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன். இங்க வந்து பாடம் நடத்துறப்ப அப்பப்ப குரல் கம்மிக்கிது. ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சா சரியாப் போயிடும். வேற ஒண்ணுமில்ல சார்."

"ரெண்டு மடக்குத் தண்ணியில சரியாப் போறதுக்கெல்லாம் எவன் டீச்சர் மாத்தல் குடுப்பான்?"

வளையல் கடையில் கை அளவுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுபோல் பார்த்தோம். 'வொரி' என்றேன். "அது கவலைல்ல சார்? எனக்குக் கவலை இல்லீங்க." 'டிஸ்ட்ரெஸ்' என்றேன். "கொஞ்சம் பெருசாத் தெரியுதே." 'அகனி' என்றதும் கையை வேகமாக ஆட்டினார். "அய்யோ, அதெல்லாம் இல்லீங்க." வருத்தத்தைக் குறைத்துக் கேட்கிற முதல் ஆள் இவர்தான். எனக்கு எரிச்சலாகிவிட்டது. இவ்வளவு சரக்கை வைத்துக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் பாடத்து வார்த்தையையா அடித்து அனுப்புவேன்?

அந்த மாதம்தான் இங்கிலீஷ் பேப்பரில் புதிதாக ஒரு வார்த்தை பிடித்து வைத்திருந்தேன். டிப்ரெஷன். அதற்கு முன்னால் 'மென்டல்' சேர்த்தால் ஓசை இன்னும் நன்றாக இருந்தது. மேலும் கேட்காமல் அடித்துவிட்டேன். மென்டல் டிப்ரெஷனால் அவதிப்படுவதாகவும், வகுப்பை நடத்த இயலவில்லை என்றும்.

டீச்சர் விரலை வைத்து வாசித்தார். "மென்டல்னு வருதே சார்?"

"மனசுன்னாலே இங்கிலீஷ்ல அதான் டீச்சர். போடுங்க கையெழுத்த."

ஒரு நிமிஷம் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு போட்டார். அந்தத் துண்டுக் காகிதத்தை நான் கசக்கிக் குப்பைப் பெட்டியில் போட்டேன்.

புரட்டாசியில் பதில் வந்தது. அதைப் பிரிக்காமலே என்னிடம் எடுத்துவந்து, "மாத்தலா சார்?" என்று நின்றார். நான் வாசித்தேன். தமக்கு மனக் கோளாறு இருப்பதாகவும் வகுப்பெடுக்க இயலவில்லை என்றும் அவரே எழுதிக் கொடுத்திருப்பதால், குழந்தைகளின் நலன் கருதி, டாக்டர் சர்டிபிகேட் தரும்வரை பள்ளிக்கு வரக் கூடாது. நாலு வரி. அதைத் தமிழில் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

டீச்சர் அழவில்லை. "நான் அப்படி எழுதலையே சார்," என்றார். உண்மைதான். எழுதியவன் நான். ஆனால் மனுவில் என் பெயர் எங்கும் இல்லை, அடியில் இருந்தது அவர் கையெழுத்து. எனக்கு முதலில் தோன்றியது நிம்மதி. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விளக்கம் சொல்லி இன்னொரு மனு அடித்தேன். மென்டல் டிப்ரெஷன் இல்லை என்று சொல்லவே மூன்று இடத்தில் அந்த வார்த்தையைப் போட வேண்டியிருந்தது. டீச்சர் திருச்சிக்குப் போனார். ராத்திரியில் தூக்கம் வருகிறதா, யாராவது பேசுவதுபோல் காதில் கேட்கிறதா என்றெல்லாம் டாக்டர் கேட்டாராம். இப்போதைக்கு ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். 'இப்போதைக்கு' என்பதை ஆபீஸ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவரைப் பள்ளிக்குத் திரும்ப விடவில்லை.

தை பிறந்து ஒரு வாரம் கழித்து டீச்சர் மறுபடி வந்தார். ஆளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். கன்னம் ஒட்டியிருந்தது. புடவையை ஏனோதானோ என்று சுற்றியிருந்தார்.

"வூட்டோடதான இருக்கீங்க டீச்சர்? பாப்பாகூட இருக்கலாமில்ல?" என்றேன். ஏதாவது ஒரு நல்லது நடந்திருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"இருக்கேன் சார். பாப்பாவும் அங்கதான் இருக்கு. ஆனா நாத்தனா எங்கிட்டத் தனியா வுடமாட்டேங்குது. கெணத்தடிக்குத் தூக்கிட்டுப் போனா பின்னாலயே வருது. சோறு ஊட்டுனா எதுத்தாப்புல ஒக்காந்து என் கையவே பாத்துக்கிட்டு இருக்கு. பிள்ளையும் அதக் கண்டுக்கிட்டு, நான் தொட்டாலே கத்துது."

"உங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலையா?"

"காயிதத்துல இருக்குல்லங்கிறாரு. அதுவும் நீயே எழுதிக் குடுத்ததுதானங்கிறாரு."

வெற்றிலைக் கடையில் யாரோ சுண்ணாம்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சுண்ணாம்பு கேட்ட ஆளைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டுவதற்கு அங்கே வேறு யாரும் இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு மனு வேணும் சார். நல்லா இருக்கேன், கிளாஸ் எடுக்க முடியும்னு. பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா வூட்லயும் நம்பிடுவாங்க."

தாளைச் சொருகினேன். அனுப்புநர், பெறுநர் எல்லாம் அடித்தாகிவிட்டது. அப்புறம் கை நின்றது. நன்றாக இருக்கிறேன் என்று மனு கேட்டு யாரும் என்னிடம் வந்ததில்லை. அகராதியைப் புரட்டினேன். பதினோரு வார்த்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாமே வருத்தத்தின் பக்கத்துச் சரக்கு.

"என்மேலதான் தப்பு டீச்சர்," என்றேன். ஆறு மாதமாகச் சொல்லாதது. "அன்னிக்கு நீங்க எழுதிக்கிட்டு வந்தத அப்படியே அடிச்சிருக்கணும். இப்பவாவது அதையே அடிச்சிடுறேன். கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான்னு."

டீச்சர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கொஞ்சம் இல்ல சார்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"காலையில எந்திரிக்கவே புடிக்கல. தண்ணி குடிச்சாலும் கேக்க மாட்டேங்குது. பாப்பா கத்துனா, சரி, கத்தட்டும்னு கெடக்குறேன். அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த போட்டீங்கல்ல, அது அப்ப எனக்கு இல்ல சார். இப்பத்தான் அளவு சரியா இருக்கு."

குரலில் கோபம் இல்லை. பாடத்தில் ஒரு விடையைச் சரிபார்த்துச் சொல்வதுபோல் சொன்னார். அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"ஆனா அத எழுதிடாதீங்க," என்றார். "நல்லா இருக்கேன்னே அடிங்க. அரியலூர் பஸ் வந்துடும்."

அடித்தேன். பூரண நலம், எந்தக் குறையும் இல்லை. டீச்சர் இந்தத் தடவை விரலை வைத்து வாசிக்கவில்லை. நான் காட்டிய இடத்தில் அந்த உருண்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டு, மனுவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.